கண்ணாடி எடுத்து வரவில்லை

"எழுதுறதுக்குக் கூலி கெடையாதா?" என்று அம்மா கேட்டாள்.

"கெடையாதும்மா. விழாவுக்குத் தொண்டு செய்யிற மாதிரி."

"அப்ப சோறு?"

"சோறு போடுவாங்க. தங்க எடமும் குடுக்குறாங்க."

"சோத்துக்காவா கடல் தாண்டிப் போற? அது இங்கயே கெடைக்குதே."

இப்படிச் சொன்னவள்தான் மறுநாள் களையெடுக்கப் போன இடத்தில் எல்லோரிடமும் "எம்பொண்ணு மலேசியாவுக்கு எழுதப் போவுது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். இதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ள எனக்கு இன்னும் பழகவில்லை.

கோல சிலாங்கூரில் மூன்று நாள் இலக்கிய விழா. பெரிய விழா இல்லை. ஒரு மண்டபம், ஒரு தோட்டத்துக் கோயில், ஐம்பது அறுபது நாற்காலிகள். அன்றன்று நடப்பதை அன்று மாலைக்குள் விழாவின் வலைப்பதிவில் எழுத வேண்டும், கடைசி நாள் விடைபெறும் பதிவு ஒன்று எழுத வேண்டும். என் வேலை இவ்வளவுதான். அந்தக் கடைசிப் பதிவை எழுத நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் சரோஜா அக்கா. வயது நாற்பத்து நாலு. வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார், விழா நாட்களில் அதே வேன் எங்களுக்கு. முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா?"

கதைப் புத்தகத்துக்கு வெளியே அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. எங்கள் ஊரில் பசி ஆறாது, அடங்கும். இங்கே அது ஆறுகிறது. காலைச் சாப்பாட்டுக்கே அதுதான் பெயர்.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். பின்பக்கம் இரண்டு கதவுகள். படம் ஏதும் இல்லை, வெறும் எழுத்து. ஒன்றில் 'லெலாக்கி' என்றும் இன்னொன்றில் 'பெரெம்புவான்' என்றும் மலாய்க்காரர்கள் எழுதும் ஆங்கில எழுத்தில் இருந்தது. எல்லா எழுத்தையும் கூட்டிப் படித்தேன். லேடீஸ் என்பதும் 'லெ' என்பதும் ஒரே எழுத்தில்தானே தொடங்குகின்றன என்று துணிந்து முதல் கதவைத் தள்ளினேன். உள்ளே தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மேற்கொண்டு எழுதத் தேவையில்லை.

நான் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து சரோஜா அக்கா வேனில் சாய்ந்து சிரித்தார். "லெலாக்கின்னா ஆம்பளை லா! உள்ள யாரு இருந்தா? கெழவனா, கொமரனா?" இங்கே பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டே வருகிறது.

"அக்கா, தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்." அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். ஆனால் சொல்லவில்லை. பிறகுதான் அதன் மதிப்பு எனக்குத் தெரிந்தது.

அசாம் ஜாவாவில் அவர் வீட்டில்தான் தங்கினேன். கணவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்று பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளி. சாலையின் இருபுறமும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. எங்கள் பக்கம் பனைமரம் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கும், வரப்பில் ஒன்று, ஏரிக்கரையில் நான்கு. இங்கே மரங்கள் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசை பிசகாமல் நிற்கின்றன.

அன்று பிற்பகலே தொடக்க விழா. விழாச் செயலாளர் முத்தையா சார் நிகழ்ச்சி நிரலை எல்லோர் கையிலும் கொடுத்தார். அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீயே வாசி பவா. கண்ணாடி எடுத்துட்டு வரல."

எனக்குச் சட்டென்று அம்மாவின் முகம் வந்தது. ரேஷன் கடையில், வங்கியில், ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் இடத்தில் அவள் இதையேதான் சொல்வாள். "கண்ணு சரியா தெரியல, நீயே படிச்சுச் சொல்லு." அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் அரிசியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கிவிடுவாள். எட்டாம் வகுப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அரங்கில் ஒரு கவிஞர் தன் பழைய கவிதையை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து சரோஜா அக்கா எடுத்துக் கொடுத்தார். கவிஞரே ஆடிப்போய், "எங்க படிச்சீங்கம்மா?" என்று கேட்டார். "படிக்கல சார், ரேடியோல கேட்டது" என்றார் அக்கா. கைதட்டல்.

எனக்கு வேறென்ன வேண்டும்? மாலை ஆறு மணிக்கெல்லாம் பதிவை ஏற்றிவிட்டேன். கண்ணாடி எடுத்துவரவில்லை என்ற சாக்கு எனக்கு நன்றாகத் தெரியும், என் அம்மாவும் அதையே சொல்வாள், இந்த வேன் ஓட்டும் அக்காவுக்கும் என் அம்மாவைப் போல எழுத்து தெரியாது, ஆனாலும் எழுதியவரே மறந்த வரி இவர் மனதில் இருக்கிறது என்று எழுதினேன். அவர் பெயரோடுதான். அன்போடுதான் எழுதினேன். படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை, சாலையோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய். மாவை வீசிப்போட்டு, மடித்து, சுட்டு, சுடச்சுட உள்ளங்கைகளுக்கிடையில் அடித்து நொறுக்கித் தட்டில் போடுகிறார்கள். பரோட்டாவின் பணக்கார வீட்டுத் தங்கை என்று குறித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரில் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு மலாய்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. நடுவில் ஒரு செய்தியை விரலால் தட்டி, கடைக்காரரிடம் மலாயில் ஏதோ சண்டை போட்டார். பிறகு பேனாவை எடுத்துக் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பத் தொடங்கினார்.

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"அக்கா, நீங்க… படிப்பீங்களா?"

"என்ன கேள்வி இது? படிக்காமயா லைசன்ஸ் குடுத்தான்? அஞ்சாம் படிவம் வரைக்கும், பதினொரு வருசம் படிச்சேன், எல்லாம் மலாய்ப் பள்ளி. தமிழ்தான் படிக்கத் தெரியாது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத."

அப்போது மேசையில் இருந்த அவர் கைப்பேசி அதிரத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

என் பதிவு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. அக்கா அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான்கு வருடமாக இருக்கிறார். திங்கட்கிழமை பொது விடுமுறை, அன்று மாலைதான் ஆண்டுக் கூட்டம், அதில் தலைவர் பதவிக்கு நிற்கிறார். நான்கு வருடமும் தமிழில் வரும் அறிக்கைகளைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சொல்லியே சமாளித்திருக்கிறார். இதெல்லாம் எனக்கு அங்கே உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் தெரிந்தது. குழுவில் ஒருவர் அனுப்பிய குரல் செய்தியை அக்கா சத்தமாகவே போட்டுக் கேட்டார். "எழுத்தே தெரியாதவங்க தமிழ்ப்பள்ளிக்குத் தலைவியா? அப்ப என் வீட்டு ஆட்டையும் நிறுத்துறேன் லா."

அக்கா பத்திரிகையை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா? நீங்க வாங்க, வண்டில இருக்கேன்."

நீங்க. வாங்க. ஒரு நாள் முழுக்க என்னை 'நீ', 'வா', 'பவா' என்று கூப்பிட்டவர். யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து அதுவரை வலித்ததில்லை.

மதியம் விருந்தினர்களை சுங்கை செம்பிலாங்குக்குச் சாப்பிட அழைத்துப்போனார்கள். மீன்பிடிக் கிராமம். படகுகள் வீட்டு வாசலில் மாடு கட்டியதுபோல நிற்கின்றன. வாழையிலையில் மடித்துச் சுட்ட மீன், மேலே மிளகாய் அரைத்த சிவப்புச் சம்பால். எங்கள் ஊர் மீன் குழம்புக்குப் பொறுமை உண்டு, மெதுவாக உறைக்கும். இந்தச் சம்பால் வாய்க்குள் வந்ததும் சண்டைக்கு நிற்கிறது. அக்கா எல்லோருக்கும் முள் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், "எடுத்துக்குங்க" என்று.

முத்தையா சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், பதற்றமே படாதவர். "அந்தப் பகுதிய அழிச்சிரும்மா, அவ்வளவுதான். நாளைக்கு யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறா?"

பக்கத்து மேசையிலிருந்து அக்கா திரும்பினார். "அழிக்கக் கூடாது சார். அழிச்சா, சரோஜா மெரட்டி அழிக்க வெச்சான்னு சொல்லுவாங்க. படிச்சவங்க மனசுல இருக்கறத எப்படி அழிப்பீங்க?"

சார் மீன் தலையில் கவனமானார்.

அன்று மாலை அம்மாவை அழைத்தேன். அழுகை வரும்போல இருந்ததால் எல்லாவற்றையும் வேகமாகச் சொன்னேன்.

"என்னப் பத்தியும் எழுதினியா?" என்றாள்.

"ஆமாம்மா. நீயும் கண்ணு தெரியலன்னு சொல்லுவல்ல, அத…"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப, அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன்.

"இத்தினி வருசமா தெரியாத மாதிரியே இருந்தியேடி" என்றாள். கோபமில்லை. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சிரிப்பு. "செரி, சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அம்மாவுக்காகப் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அந்த அக்காவுக்காக ஒரு மாலை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஞாயிறு நிகழ்ச்சி தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் பாதி காலி, ஆனால் மண்டபம் நிறைந்துவிட்டது. ரவாங்கிலும் கிள்ளானிலும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பையில் கவிதைப் புத்தகம், இன்னொரு பையில் முறுக்கு. ஒருவர் கதை வாசிக்கும்போது கோயில் சேவல் ஒவ்வொரு பத்திக்கும் கூவியது. "நல்ல எடத்துலதான் கூவுது, விமர்சகரா இருக்கும்" என்றது ஒரு குரல். எங்கள் ஊர் இலக்கியக் கூட்டத்தில் யாராவது சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே சிரிக்காதவரைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சாப்பாடு முடிந்து அக்கா பின்பக்கம் சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

"எந்தத் தப்பு?" சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எழுத்து தெரியாதுன்னு தப்பா எழுதிட்டேன்."

"அது ஒரு தப்பு. இன்னொண்ணு இருக்கு." குழாயை மூடினார். "பெட்ரோல் ஸ்டேஷன்ல ஆம்பளைங்க தண்டாசுக்குள்ள போனீங்க. நான் யார்கிட்டயாச்சும் சொன்னேனா? என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனா? சொல்லாம எனக்கு வயிறு வலியே வந்திருச்சு, தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னாடி இன்னொரு பதிவு எழுதுங்க. எழுதிட்டு என்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. நான் சரின்னு சொன்னாத்தான் போடணும்."

மாலையில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். மற்ற தொண்டர்கள் பெரிய மைலோ பொட்டலமும் ஒரு பாட்டில் சம்பாலும் கொடுத்தார்கள். முத்தையா சார் சான்றிதழ் கொடுத்து, "அடுத்த வருசமும் வரணும்மா" என்றார். எல்லோரையும் கட்டிக்கொண்டேன். அக்கா மட்டும் வேனுக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். மடியில் மடிக்கணினி, அதில் நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்த விடைபெறும் பதிவு. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் போன லோரியிலிருந்து பழக்குலைகள் சரிந்து சாலை முழுக்க உருண்டு கிடந்தன. குலை ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பன்றி அளவு. லோரிக்காரர் தலையில் கைவைத்து நிற்க, பின்னால் வந்தவர்கள் இறங்கிக் காலால் உருட்டி ஓரத்தில் தள்ளினார்கள். ஹாரன் அடிப்பவர் யாருமில்லை. எங்கள் நெடுஞ்சாலையாக இருந்தால் குலைகளுக்கே காது செவிடாகியிருக்கும்.

நானும் இறங்கினேன். ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. குனிந்து ஒரு குலையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஏய் பவா! கைய வைக்காத! முள்ளு!"

முள் ஏறிவிட்டது. ஆனால் என் காதில் விழுந்தது 'வைக்காத' மட்டும்தான். 'வைக்காதீங்க' இல்லை. கை எரிய எரிய எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்கிறா பாரு, பைத்தியம்! கொண்டா கைய." வேனுக்குள் உட்காரவைத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அது எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. என் உள்ளங்கையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஊசியால் முள்ளை எடுத்தார்.

"சரி, வாசி. லோரி கெளம்ப அரை மணி நேரம் ஆவும்."

வாசித்தேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது என்று நான் எழுதியது பொய், அவர் மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் படிப்பவர் என்று தொடங்கியிருந்தேன். இரண்டாம் வரியிலேயே நிறுத்தினார்.

"தமிழ் தெரியாதுன்னு எழுதலையா?"

"அத எழுத வேணாம்னுதானக்கா…"

"எழுது. இப்ப வெளிய வந்திருச்சு. பாதிய மூடி வெச்சா நாத்தம் அடிக்கும் லா." கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா தோட்டத்துல லோரி ஓட்டுனவரு. மலாய் படிச்சாத்தான் ஆபீஸ் வேலைன்னு என்னை மட்டும் கம்பத்து மலாய்ப் பள்ளிக்கு அனுப்புனாரு. அண்ணனுங்க ரெண்டு பேரும் தமிழ்ப்பள்ளி. அவனுங்க தமிழ்ப் பேப்பர் படிப்பானுங்க, நான் ரேடியோ கேப்பேன். அதனாலதான் என் புள்ளைங்க மூணையும் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புறேன். இத எழுது. அழுவுற மாதிரி எழுதாத. சும்மா எழுது."

சும்மா எழுதினேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். "நாலு வருசமா கண்ணாடி எடுத்துட்டு வரலன்னு சொன்னேன், அதயும் போடு. அவங்களும் சிரிக்கட்டும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்கம்மா கதைய எடுத்துரு. அவங்ககிட்ட கேட்டியா?" என்றார். எடுத்துவிட்டேன். இங்கே எழுதியிருப்பது அம்மாவிடம் கேட்ட பிறகு.

"முடிஞ்சுதாக்கா?"

"எங்க முடிஞ்சுது? லெலாக்கி?"

"அக்கா!"

"என் ரகசியம் ஊருக்கே தெரியும். ஒன்னோடது எனக்கு மட்டுந்தான் தெரியும். இது நியாயமா?"

நியாயமில்லை. பட்டம் வாங்கியவள் எல்லா எழுத்தையும் கூட்டிப் படித்துவிட்டு ஆண்கள் கழிவறைக்குள் போன கதையை, தலைக்கவசம் உட்பட எழுதினேன். அவர் முழுவதையும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "ம், போடு" என்றார். லோரி நகர்வதற்குள் பதிவு ஏறிவிட்டது.

விமான நிலையத்தில் அவரால் நிற்க முடியவில்லை, மாலைக் கூட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பையை இறக்கிவைத்தார். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் இரண்டைக் கையில் திணித்தார். "ஒண்ணு இப்ப, ஒண்ணு அப்புறமா." கட்டிக்கொள்ளப் போனேன், அதற்குள் பின்னால் ஒரு வண்டி விளக்கடித்தது. "போறேன் போறேன்!" என்று அந்த வண்டியைப் பார்த்துக் கத்தினார். என் கன்னத்தில் ஒரு தட்டு. வேன் போய்விட்டது. மூன்று நாட்களாக நான் மனதில் ஒத்திகை பார்த்த விடைபெறும் வார்த்தைகள் எதற்கும் வேலை வரவில்லை.

ஐந்து மணி நேரம் இருந்தது. முதல் பொட்டலத்தைத் தின்றேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை. வேர்க்கடலை எங்கள் ஊர்ப் பயிர். தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன். கைப்பேசியை நூறு முறை பார்த்தேன். கூட்டம் தொடங்கியிருக்கும். இப்போது பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது கை தூக்குவார்கள்.

விமானத்துக்கு அழைக்கும்போது செய்தி வந்தது. அக்கா தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்.

"தலைவர் பதவி கெடைக்கல. ஒன்னால இல்ல லா, ஜெயிச்சவருகிட்ட லோரி இருக்கு, பள்ளிக்கு மண்ணு கொட்டித் தர்றாரு. நான் துணைத் தலைவி. தமிழ் படிக்கத் தெரியாதுன்னு நானே எழுந்து சொன்னேன். பின்னாடி இருந்து இன்னும் நாலு அம்மாமாருங்க எங்களுக்கும் தெரியாதுன்னு கைய தூக்குனாங்க. இனிமே அறிக்கைய எல்லாருக்கும் சத்தமா வாசிக்கணும்னு முடிவு பண்ணியாச்சு."

என்னால் இல்லை என்று அவர் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. நான் நம்ப வேண்டுமென்றுதான் அப்படி எழுதியிருந்தார். மன்னிப்பு, நன்றி என்று என்னென்னவோ தட்டி அழித்துவிட்டு, "அக்கா, விமானம் ஏறப் போறேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"ஊருக்குப் போனதும் அம்மாவுக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டு. அப்புறம் பவா, வழியில தண்டாசுக்குப் போனா, கதவுல என்ன போட்டிருக்குன்னு யாரையாச்சும் கேட்டுட்டுப் போ."